தாள் காயும்வரை

தேநீரைக் குடியுங்கள் ஐயா, ஆறிவிடும். எங்கள் கரையில் எல்லாமே சீக்கிரம் ஆறும், எதுவும் சீக்கிரம் காயாது. நீங்கள் லங்காஸ்டரிலிருந்து வந்த போலீஸ் அதிகாரி. மோர்க்கம் விரிகுடாவை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில், இந்த ஸ்கெல்பியில், ஒரு வாரம் இருந்து பாருங்கள். கொடியில் போட்ட காலுறை போட்டது போட்டபடி தொங்கும். ஜாடியில் உப்பு கல்லாகிவிடும். நீர்வண்ணத்தில் படம் வரைகிறவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. மழை வந்தால் குடை பிடிக்கலாம். காற்று அடித்தால் பலகையின்மேல் கல்லை வைக்கலாம். காற்றுக்குள்ளேயே இருக்கிற ஈரத்தை என்ன செய்வது? தாளில் வானத்தைப் பூசிவிட்டு, அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் ஆயுளில் பாதி அப்படி உட்கார்ந்தே போயிற்று.

உங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பியவன் நான்தான். அதனால் சுற்றி வளைக்கக் கூடாது. ஆனாலும் முறையாகச் சொன்னால்தான் விளங்கும். எடுத்த எடுப்பில் சொன்னால் என்னைக் கொடியவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் கிளமென்ட் ஆஸ்க்யூ. லண்டனில் இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இங்கே அப்படியில்லை. இந்த விரிகுடாவைச் சுற்றி எந்த ஊரில் பல் பிடுங்கப் போனாலும், காத்திருக்கும் அறையில் என் மணல்வெளி ஒன்று தொங்கும். பத்திரிகைக்காரர்கள் என்னை 'நம் வட்டார ஓவியர்' என்று எழுதுவார்கள். அதற்கு அர்த்தம், வட்டாரத்தைத் தாண்டினால் எவனும் சீந்தமாட்டான் என்பதுதான். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. சரி, இருந்தது. இன்றைக்குப் பொய் சொல்லக் கூடாது.

எனக்கு ஒரே ஒரு கொள்கை. கண்ணெதிரே இல்லாததை நான் வரையமாட்டேன். மற்றவர்கள் செய்கிறார்கள். மலையைக் கொஞ்சம் உயர்த்துவார்கள், பிடிக்காத வீட்டை விட்டுவிடுவார்கள், வெறும் தண்ணீரில் ஒரு பாய்மரத்தை மிதக்கவிடுவார்கள். நான் செய்ததில்லை. மான்செஸ்டர் துணி வியாபாரி ஒருவர் ஒருமுறை, "படம் அருமை சார், மூலைல ஒரு படகு மட்டும் போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றார். மாட்டேன் என்றேன். மறுநாள் ஒரு மீனவரைக் கெஞ்சிக் கூத்தாடி, அவருடைய படகைக் குதிரை கட்டி இழுத்துவந்து அந்த மூலையில் நிறுத்தினேன். பிறகு அதைப் பார்த்து வரைந்தேன். படகு இருந்தது, வரைந்தேன். அதில் பொய் எங்கே வந்தது? இன்னொரு தடவை ஒரு பண்ணைக்காரரின் மரத்தில் ஒரு கொம்பு என் வானத்தைக் குறுக்கே கிழித்தது. அவர் சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்து அறுத்துத் தள்ளினேன். பெரிய ரகளையாயிற்று. தாளில் ஒரு பொய் சேர்வதைவிட மரத்தில் ஒரு கொம்பு போவது மேல் என்று எனக்குத் தோன்றியது. அப்போது ஊரே சிரித்தது. தெர்ஸாவும் சிரித்தாள்.

தெர்ஸா என் மனைவி. அவளைப் பற்றிக் கேட்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

எங்கள் மணல்வெளி முழுக்கச் சாம்பல் நிறம். மேலே சாம்பல், கீழே சாம்பல், நடுவில் தண்ணீர், அதுவும் சாம்பல். அப்படிப்பட்ட படத்தில் கடுகளவு சிவப்பு வைத்தால் மற்ற நிறமெல்லாம் தூக்கம் கலைந்து எழுந்துவிடும். இந்த நாட்டில் நிலக்காட்சி வரைகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். எங்கோ ஒரு சிவப்புத் தொப்பியோ, ஒரு சால்வையோ வைத்துவிடுவார்கள். ஆனால் என் கொள்கைப்படி எனக்கு நிஜமான சிவப்பு வேண்டும். கல்யாணத்தின்போது தெர்ஸாவுக்கு அவள் அத்தை ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தாள். தெர்ஸா என்னைவிட அரைத் தலை உயரம். அந்தக் கோட்டு அவளுக்கு முழங்காலைத் தாண்டி இறங்கும், அதற்குக் கீழே கறுப்பு ரப்பர் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு அவள் மணலில் போய் நிற்பாள், நான் கரையோரப் பாறையில் உட்கார்ந்து வரைவேன். கல்யாணமான நாள் முதல் என் படங்கள் எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள்.

இறால் அவித்து வெண்ணெய் ஊற்றி விற்கிற டோர்காஸ் எங்கள் பக்கத்து வீடு. அவளுக்கு வாய் நீளம். என் கண்காட்சிக்கு வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, "என்ன கிளெம், உன் படத்துக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு? ஒண்ணு பாக்கியில்லாம சிவப்பா ஒரு புள்ளி" என்று சபை நடுவே கேட்டாள். அன்றையிலிருந்து ஊரில் அதுவே பேச்சாயிற்று.

நிற்பாள் என்று சொன்னேன், தவறு. தெர்ஸா நிற்கவே மாட்டாள். ஒரு காலை மாற்றுவாள், குனிந்து மட்டி பொறுக்குவாள், பறவையைத் துரத்துவாள், திடீரென்று தானே பாடிக்கொண்டு ஆடுவாள். நான் பாறையிலிருந்து கத்துவேன். அவள் அங்கிருந்து கத்துவாள்.

"நான் என்ன தூணா? குளிருது கிளெம்."

"இன்னும் கொஞ்ச நேரம். அசையாதே."

"உனக்குப் பொண்டாட்டி எதுக்கு? இந்தக் கோட்ட மாட்டி ஒரு வைக்கோல் பொம்மைய நட்டுக்கோ. சோறும் கேக்காது."

"பொம்மை பொய் தெர்ஸா."

"ஆமா, நீ பெரிய அரிச்சந்திரன். அறுத்துப்போட்ட மரத்துக்கிட்ட போய்ச் சொல்லு."

  மேஜையில் இன்னும் இரண்டு கோப்பைதான் வைக்கிறேன், கைப்பழக்கம். நீங்கள் குடிப்பது அவளுடைய கோப்பை.

இனி அவள் அப்பா. ஜேபஸ் பரோவை நீங்கள் விசாரணையில் பார்த்திருக்கிறீர்கள். மணல்வழிகாட்டி. அவருடைய அப்பாவும் தாத்தாவும் பார்த்த வேலை. இங்கே கடல் தினம் இரண்டு தடவை வற்றித் திரும்ப ஏறும்; வற்றியதும் இந்த மணலில் அக்கரைக்கு நடந்துபோகலாம், வண்டியும் ஓட்டலாம். ஆனால் மணலுக்கு நடுவே ஓடுகிற ஆறு தினம் ஒரு பக்கம் புரளும், நேற்றுக் கல்லாக இருந்த இடம் இன்றைக்குக் களியாக இருக்கும். அதனால் கடல் வற்றியதும் ஜேபஸ் முதல் ஆளாக இறங்கி, கோலால் குத்திக் குத்திப் பார்த்து, கெட்டியான இடத்தில் லாரல் கிளைகளை ஒடித்து நட்டுக்கொண்டே போவார். லாரல் எதற்கென்றால், உப்புத்தண்ணீர் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் இலை உதிராது. கிளைக்குக் கிளை நடந்தால் உயிருக்குப் பயமில்லை. எங்கள் ஊர்க் குழந்தைக்குப் பேச்சு வருமுன் இது தெரியும். மட்டி எடுக்கிற பெண்கள், இறால் வண்டிக்காரர்கள், பாதிரியார் எல்லாரும் கிளையைப் பார்த்து நடப்பார்கள். கிளை நிற்கிற இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தால் அது ஜேபஸுக்கு அவமரியாதை. அவர் மகள் தட்டிப் பார்ப்பாளா?

இந்த அக்டோபரில் தெர்ஸா மணலில் புதைந்து, தண்ணீர் ஏறிச் செத்தாள். கிளையின் பக்கத்திலேயே செத்தாள்.

விசாரணையில் நான் சொன்னது உங்களிடம் இருக்கும். நான் வரைந்துகொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை, காற்று எதிர்த்திசையில் அடித்தது, அவள் கூப்பிட்டது கேட்கவில்லை, பார்த்ததும் எழுந்து ஓடினேன், மாமாவைக் கூட்டி வந்தேன். ஜேபஸ் குதிரை வண்டியில் பலகைகளைப் போட்டுக்கொண்டு பறந்தார். குதிரை மார்பளவு தண்ணீரில் நின்றுவிட்டது. அவர் இறங்கி நீந்தினார், அந்த வயதில். டோர்காஸின் தம்பிமார்கள் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கரையில் போட்டதும் அவர் முதலில் கேட்டது, "எந்தக் கிளை?" என்பதுதான்.

அடுத்த முறை கடல் வற்றியதும் அவர் தனியாகப் போய்ப் பார்த்தார். கிளை நின்றது. கோலை விட்டுப் பார்த்தார், பாதிக் கோல் உள்ளே போயிற்று. திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்து, கோலை முறித்து அடுப்பில் வைத்தார். விசாரணையில் அவர் ஒரு வார்த்தைகூடத் தற்காத்துப் பேசவில்லை. "பனியில நட்டேன். கண்ணு முன்னமாதிரி இல்ல. ஒத்துக்காம வேலைல ஒட்டிக்கிட்டிருந்தேன். என் புள்ளைய நானே கொன்னுட்டேன்" என்றார். விபத்து என்று முடித்தார்கள். வழிகாட்டியின் கவனக்குறைவு என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று.

ஊரார் நல்லவர்கள்தான். ஆனால் அவர் தேவாலயத்துக்குள் வந்தால் பேச்சு நிற்கிறது. மதுக்கடையில் அவர் உட்காரும் மூலையில் இப்போது யாரும் உட்காருவதில்லை, அவரும் போவதில்லை. டோர்காஸ் மட்டும் வாசலில் இறால் வைத்துவிட்டு வருவாள். அது அப்படியே கெட்டுப்போகும்.

என் கதை வேறு மாதிரி ஆயிற்று. அன்று நான் வரைந்த படம் நீங்கள் நகரசபை மண்டபத்தில் பார்த்ததுதான். 'மழை விட்ட பின்'. படம் என் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நவம்பரில் நகரசபைக்காரர்கள் அவள் நினைவாக ஒரு படம் கேட்டார்கள். இதைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் ஐயா, அது நல்ல படம். நான் வரைந்ததிலேயே நல்ல படம். மேகம் கிழிந்து ஒரே ஒரு வெளிச்சக் கோடு ஈர மணலின்மேல் விழுந்து கிடக்கிறது. அந்த வெளிச்சத்துக்காக இளவயதிலிருந்து அந்தப் பாறையில் தவம் கிடந்திருக்கிறேன். அதில் ஒரு சிவப்புப் புள்ளி. ஜனங்கள் வந்து நின்று அழுகிறார்கள். முதல்முறையாக லண்டன் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். அந்தச் சிவப்பு உருவம் மண்ணைத் தொடாமல் நிற்கிறது, இந்த உலகத்தில் இல்லாததைப்போல நிற்கிறது என்று எழுதினார். வாசித்துவிட்டுப் பெருமைப்பட்டேன். அன்று மாலை முழுக்க வாந்தி எடுத்தேன். இரண்டும் நடந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஜேபஸ் என்னைத் தேடி மண்டபத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார், பொத்தான் மாறிப்போயிருந்தது. படத்தின் எதிரே ரொம்ப நேரம் நின்றார். பிறகு கிட்டே போய், சிவப்புக்குப் பக்கத்தில் நான் தீட்டியிருந்த கிளையை விரலால் காட்டினார். தொடவில்லை.

"இதுதான?"

"ஆமாம் மாமா."

"இங்கதான் நட்டிருக்கேன் பாரு, பாவி." இன்னும் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, எம்பொண்ணு நல்ல ஒசரமாச்சே. இதுல குள்ளமா தெரியுறாளே?"

"தூரம் மாமா. தூரத்தில் அப்படித்தான் தெரியும்."

"உனக்குத் தெரியாததா." தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "தம்பி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்க வாய் வரமாட்டேங்குது. ஒம்பொண்டாட்டிய நான்தான் கொண்டுபோயிட்டேன். நீ என்னய மன்னிக்கணும்னு இல்ல. மன்னிச்சா, நான் கொஞ்சம் தூங்குவேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இறால் வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. "மனுஷன்னா தப்பு நடக்கும் மாமா. மனசார மன்னிச்சுட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க" என்றேன்.

என் குரல் நடுங்கவே இல்லை. சொல்லும்போது நான் நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தேன். வயதானவருக்கு ஆறுதலாக நாலு வார்த்தை. அவர் அழுதுகொண்டே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கிளையை அங்கே நட்டது நான்.

எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன். அன்று காலை ஜேபஸ் கிளைகளை நட்டுவிட்டுக் கரையேறியபின் மழை பிடித்தது. மழை விடப்போகிறது என்று மேற்கே பார்த்தாலே தெரிந்தது. வெளிச்சம் எங்கே விழும் என்பதும் தெரிந்தது. பாறையில் உட்கார்ந்து பார்த்தால், அந்த இடத்தின் நட்டநடுவில் ஒரு கிளை, கண்ணில் விழுந்த தூசிபோல. தாளில் அதைக் கொஞ்சம் தள்ளி வரைந்திருக்கலாம். வேறு எந்த ஓவியனும் அதைத்தான் செய்திருப்பான். அதற்குப் பொய் வரைதல் என்று பெயர், என் கணக்கில். ஆகவே பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்க் கிளையைப் பிடுங்கினேன். சுலபத்தில் வரவில்லை, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. ஜேபஸ் நட்ட இடம், கல்லைப்போல இருந்தது. இடப்பக்கம் ஒரு வண்டி நீளம் தள்ளி, படத்துக்குப் பொருத்தமான இடத்தில் ஊன்றினேன். அங்கே அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. கிளை தானாக உள்ளே போயிற்று.

அதைக் கவனித்தேன். கவனிப்பதுதான் ஐயா என் பிழைப்பு.

சாயங்காலம் திரும்ப மாற்றி நட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் யார் வரப்போகிறார்கள், மழை நாள், அக்கரைக்கு வண்டி ஏதும் கிடையாது. தெர்ஸா மட்டும்தான். அவள் என் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தாள், ரொட்டியும் பாலாடைக்கட்டியும். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் அவளைப் பேசவிடவில்லை.

"கோட்டைப் போட்டுக்கோ. ஓடு. அந்தத் தனிக் கிளை இருக்கு பார், அது பக்கத்துல நில்லு."

"சாப்பிடு மொதல்ல."

"தெர்ஸா, ஓடு."

"போறேன் ராசா, போறேன். ஒரு நாளாவது என்னைப் பக்கத்துல வச்சு வரைவியா? மூக்கு, கண்ணெல்லாம் இருக்கு எனக்கு. ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது."

சிரித்துக்கொண்டே போனாள். கிளை மாற்றியதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறதி என்றுதான் இன்று காலைவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் கோலெடுத்துக் குத்திப் பார்ப்பாள், அப்பாவிடம் போய்ச் சொல்வாள், அவர் வந்து ஒரு பாட்டம் கத்துவார். வெளிச்சம் போய்விடும். அதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். போன செவ்வாய்க்கிழமை ஜேபஸ் மணலில் இறங்கிப் போனார். கோல் இல்லை, தொப்பி இல்லை. தண்ணீர் ஏறுகிற நேரம் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? டோர்காஸ்தான் ஜன்னலிலிருந்து பார்த்து ஓடிப்போய்ப் பிடித்தாள். "எங்க போறீங்க, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டாளாம். "அந்த எடம் எப்படி கெட்டுச்சுன்னு பாத்துட்டு வரேன்" என்றாராம். டோர்காஸ் நேரே என் வீட்டுக்கு வந்தாள். "மறுபடியும் போவாரு கிளெம். எத்தன நாளைக்கு நான் ஜன்னல்லயே உக்காந்திருப்பேன்? நீ மன்னிச்சது அவருக்குப் பத்தல. வேற எதாவது சொல்லு அவருகிட்ட" என்றாள்.

என்னிடம் சொல்வதற்கு வேறு எதாவது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அப்படிக் கேட்டாள். நேற்று அவர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே அடுப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டக் கை வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு ஆள் அனுப்பினேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அவர் கண்ணில் கோளாறு இல்லை, கை தவறவில்லை, அவர் நட்ட கிளை கல்லில் நட்டதுபோல நின்றது என்று சொல்லுங்கள். அவரை மணலில் இறங்கவிடாதீர்கள். இன்றைக்கே போய்விடுங்கள் ஐயா, தேநீருக்காக உட்காராதீர்கள்.

கிளையைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் மனச்சாட்சி உள்ள மனிதன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போவீர்கள். அப்படிப் போகவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து வரப்போகிறீர்கள், இல்லையா? வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நானே சொல்லிவிடுகிறேன்.

காற்று எதிர்த்திசையில் அடித்ததாகச் சொன்னேன். படத்தில் மணலில் தேங்கிய குட்டைகளைப் பாருங்கள். மேகம் அப்படியே தலைகீழாக விழுந்திருக்கிறது, ஒரு சுருக்கம் கிடையாது. காற்றே இல்லை. காற்றில்லாத நாளில் ஈர மணலின்மேல் குரல் எவ்வளவு தூரமும் வரும். அவள் முதலில் சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டாள். "கிளெம், பூட்ஸ் மாட்டிக்கிச்சு. வந்து இழுத்து விடு" என்றாள். நான் அப்போது மணலின் பூச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய பூச்சு, பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகிவிடும். இதை முடித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அடுத்ததாக அவள் சிரிக்காமல் கூப்பிட்டாள். "கிளெம், அப்பாவைக் கூப்பிடு." அவ்வளவுதான் சொன்னாள். பதறவில்லை. மணல்வழிகாட்டியின் மகள். புதைமணலில் மாட்டினால் ஆடக்கூடாது, அசையக்கூடாது, அசைந்தால் இன்னும் இழுக்கும், ஆள் வரும்வரை நின்ற இடத்தில் நில் என்று அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தபோதே ஜேபஸ் சொல்லிக்கொடுத்தது.

ஜேபஸின் வீடு அந்தப் பாறையிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் அப்போது வெகு தொலைவில் இருந்தது. பலகையோடு அவர் போயிருந்தால், அவளைத் திட்டிக்கொண்டே தூக்கி வந்திருப்பார்.

பூச்சு முடிந்தது. ஈரத் தாளில் சிவப்பு வைக்க முடியாது ஐயா, பரவிக் கறையாகிவிடும். தாள் காய வேண்டும். படத்தில் அந்தச் சிவப்பின் விளிம்பைப் பாருங்கள், கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். எங்கள் காற்றில் தாள் காய எவ்வளவு நேரமாகும் என்று நீங்கள் வந்ததும் சொன்னேன். அத்தனை நேரமும் எனக்கு வேறு வேலை இல்லை. தூரிகையைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நான் எழுந்து போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு அவள் கூப்பிடவில்லை.

அன்று ஒரு நாள்தான் அவள் எனக்காக அசையாமல் நின்றாள்.

ஜேபஸ் கேட்டாரே, ஏன் குள்ளமாகத் தெரிகிறாள் என்று. தூரம் என்று சொன்னேன். தூரம் இல்லை. தாள் காய்ந்து நான் சிவப்பைத் தொட்டபோது கோட்டின் கீழ்விளிம்பு மணலோடு இருந்தது. தாளில் அதற்குக் கீழே பூட்ஸ் வரைய இடம் இருந்தது, வரைந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் கண்ணெதிரே இல்லாததை நான் என்றைக்குமே வரைந்ததில்லை.